பழைய காரில் ஆயில் ஒழுகுகிறதா? மேலே இருந்து தேடுங்கள்

எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்றால் ஒழுகும் இடமும் அடியில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கார்களில் எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் டேப்பட் கவர் ஓரத்தில் கசிவது எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, ஓடும்போது காற்று பின்னால் தள்ள, கடைசியில் கியர்பாக்ஸ் சேரும் மூலையில் வந்து நின்று சொட்டும். அந்தச் சொட்டை மட்டும் பார்த்துவிட்டு "பின் சீல் போயிருச்சு அண்ணாச்சி, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று யாராவது சொல்வார்கள். எஞ்சினின் சுழலும் தண்டு (கிராங்க்) கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைக்கும் வளையம்தான் பின் சீல். இறக்குவதற்கு முன்னால் கழுவிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். வீட்டில் வைத்தே சரிசெய்யக்கூடிய கசிவுகளில் பெரும்பாலானவை எஞ்சினின் மேல்பாதியில் இருக்கின்றன, அவற்றுக்கான பேக்கிங்கும் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆயிலை அடைக்கும் ரப்பர் அல்லது கார்க் பட்டை) ஓ ரிங்கும் (ரப்பர் வளையம்) விலை குறைவு. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசைதான்: மேலே இருந்து கீழே.

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் இன்னும் மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, அங்கங்கே ஓர் அம்பாசடர் என்று நிறையவே ஓடுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலும் அதே கதைதான். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், உற்பத்தி நின்றது 2014 தொடக்கத்தில். ஆகக் கடைசி வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், சூட்டில் இறுகிக் கல்லாகும், கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கும். ஆயில் கசிவதற்கு எஞ்சின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

முதலில் சொட்டுவது ஆயில்தானா?

ராத்திரி வண்டியை நிறுத்தும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிடுங்கள். முன் சக்கரம் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொண்டால் காலையில் சொட்டு எதற்கு நேராக விழுந்திருக்கிறது என்று தெரியும். பழுப்பாகவோ கறுப்பாகவோ, விரலில் வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ நிறத்தில் தண்ணீராக இருந்து லேசான இனிப்பு வாடை வந்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட், அது வேறு வைத்தியம். ஏசி போட்டு ஓட்டிய பிறகு சொட்டும் வெறும் தண்ணீர் நோயே இல்லை. குற்றால சீசனில், சாரல் விடாமல் தூறும் நாட்களில், இன்னொரு குழப்பம் உண்டு. நனைந்த சிமென்ட் தரையில் ஒரே ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் அது வானவில் நிறத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்குப் பரவி ஆளைப் பயமுறுத்திவிடும். அதை வைத்துக் கசிவின் அளவைக் கணிக்காதீர்கள், காய்ந்த அட்டைதான் உண்மை சொல்லும்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் நிதானமாக வேலை பார்க்கலாம். கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் முதலில் ஊற்றுங்கள், கசிவை அப்புறம் தேடலாம். மேல்கோட்டைத் தாண்டி இருந்தால் அதுவே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற நினைப்பில் நிரப்பிவிடுகிறார்கள், சுழலும் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைத்து, சீல் வழியாக வெளியே தள்ளுகிறது. ஓடும்போது டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தால், அது மலைப்பாதையின் எஸ் வளைவாகவே இருந்தாலும் சரி, ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவுக்கானது இல்லை, அழுத்தத்துக்கானது. "வீடு பக்கத்துலதானே" என்று ஓட்டிப் போனால் பேரிங் போய்விடும்.

கழுவாமல் தேடாதீர்கள்

பத்து வருட அழுக்கின் மேல் புதுக் கசிவைத் தேடிக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது), ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஏர் பில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் டீசலோ மண்ணெண்ணெயோ தடவி, அழுக்கு ஊறட்டும் என்று கொஞ்சம் விட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்தெடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவிக்கு எங்கோ ஒரு பொறி போதும். பக்கத்தில் பீடி, சிகரெட், சாம்பிராணி எதுவும் இருக்கக் கூடாது. கடைசியில் சோப்புத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தாலும் தப்பில்லை, ஆனால் அந்த வேகத்தில் அடிக்கும் தண்ணீர் பழைய வயரிங்குக்குள் இறங்கி வேறு தொல்லையைக் கொடுக்கும். நான் கையால் துடைப்பதையே விரும்புவேன், துடைக்கும்போதே பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடுகிறது.

காய்ந்தபின் டேப்பட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் பில்டர் சுற்று, சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விளிம்பு இங்கெல்லாம் சாதாரண முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். பெல்ட் பக்கம் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஐடிலில் விடுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்து பழுப்பாகிறதோ அதுதான் இடம். நனைந்த இடங்கள் நாலைந்து இருந்தால் எல்லாவற்றிலும் மேலே இருப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை அதிலிருந்து வழிந்தவையாக இருக்கலாம்.

ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். இதற்கு நம் பக்கத்தில் நல்ல இடம் இருக்கிறது. புளியரையில் இருந்து கோட்டைவாசல் வரை இரண்டாவது கியரில், மரலாரிக்குப் பின்னால் உறுமிக்கொண்டே ஏறினால், தென்காசி ரோட்டில் ஒரு மாதம் ஓட்டியும் காட்டாத கசிவு வெளியே வந்துவிடும். ஏறி இறங்கியதும் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க மட்டும்தான், கை வைக்காதீர்கள், புகை வெளியேறும் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்திருக்கும். மேனிஃபோல்டின் மேலேயே ஆயில் விழுந்து புகைகிறது என்றால் அந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. தீப்பிடிக்கும் வாய்ப்பு உள்ள கசிவு அதுதான்.

பேக்கிங் வாங்கும் முன் மூச்சுக்குழாய்

இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினின் அடிப்பாகத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறத்தான் டேப்பட் கவரில் இருந்து ஏர் பில்டருக்கோ இன்டேக்குக்கோ ஒரு ஹோஸ் போகிறது, பல வண்டிகளில் நடுவே பிசிவி வால்வு என்று சின்னதாக ஒன்றும் இருக்கும். இந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறியது எந்த ஓரம் பலவீனமோ அந்த ஓரமாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். புதுப் பேக்கிங் போட்டும் ஒரு மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போக வேண்டும். உள்ளே தயிர்போல வெளுத்த பசை இருந்தால், மழைக்காலத்தில் அருகருகே மட்டும் ஓட்டும் வண்டிகளில் ஈரம் ஆயிலோடு கலந்து வருவது அது, மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங்) சந்தேகிக்கலாம். பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் புதுசு போடுங்கள். அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வருவது சகஜம். புஸ்ஸு புஸ்ஸென்று நீலப்புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது வெளிப்பேக்கிங் மாற்றுவதில் பெரிய பலன் இருக்காது.

டேப்பட் கவர் பேக்கிங்

முதல்முறை கையில் ஸ்பேனர் எடுப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஆம்னி வைத்திருப்பவர்கள் முன் சீட்டைத் தூக்கிவிட்டு அங்கிருந்து வேலை பார்க்க வேண்டும், மற்றவர்களுக்கு பானட்டைத் திறந்தால் மேலேயே இருக்கிறது. தேவை 10 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், புதுப் பேக்கிங், போல்ட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்கள், ஒரு சின்ன டியூப் சிலிகான் பேஸ்ட் (கடையில் அனபாண்ட் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்). பேக்கிங் வாங்கும்போது கார்புரேட்டர் வண்டியா எம்பிஎப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும்) வண்டியா என்று சொல்லி வாங்குங்கள். தென்காசியில் கிடைக்காதது சில சமயம் புனலூரில் கிடைக்கும்.

குறுக்கே வரும் ஹோஸ், வயர் ஒவ்வொன்றுக்கும் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ, இன்சுலேஷன் டேப்பில் ஓர் எண். போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலின் மரப்பிடியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கி நெம்ப வேண்டாம், பெரும்பாலான வண்டிகளில் ஹெட் அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அதுவே புதுக் கசிவாகிவிடும். கவர் வந்ததும் திறந்த இடத்தை சுத்தமான துணியால் மூடுங்கள், பனியன் வேஸ்ட்டின் நூல்கூட உள்ளே விழக் கூடாது.

இனிமேல் பொறுமைதான் வேலை. பழைய பேக்கிங்கின் மிச்சம், முன்பு யாரோ அப்பிவைத்த சிலிகான் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் துண்டாலோ நகத்தாலோ சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உள்ளே போகும், வேண்டாம். இரண்டு பரப்பும் ஆயில் பசையில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். புது ரப்பர் பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் அப்படியே உலர்வாக உட்கார வையுங்கள். சிலிகான் சுற்றிலும் பூசுவதற்கு இல்லை, ஹெட்டில் அரைவட்ட மூலைகளோ இரண்டு பாகங்கள் சேரும் கோடோ இருந்தால் அங்கே மட்டும் ஒரு பொட்டு. நிறையப் பூசினால் பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் போய்ச்சேரும் இடம் ஆயில் பம்ப்பின் வடிகட்டி. வெளியே கசிந்த ஆயிலைவிட அது ஆயிரம் மடங்கு ஆபத்து.

முறுக்கும்போது நடுவில் இருந்து தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக. இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு வேண்டியது பெரும்பாலும் 5 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவே கடைசி வார்த்தை. டார்க் ரென்ச் இல்லையென்றால் ஸ்பேனரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் முறுக்குங்கள், தோள் பலம் வேண்டாம். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், கவர் வளையும், கசிவு கூடும். சிலிகான் வைத்திருந்தால் டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயவிட்டு, பெரும்பாலும் ஒரு நாள், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

நடுப்பகுதி

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் அது எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஓ ரிங் இருக்கும். மாருதி 800-இல் இது ஹெட்டின் ஒரு முனையில் கியர்பாக்ஸுக்கு மேலே இருப்பதால், இங்கே கசிந்தால் அச்சு அசலாகப் பின் சீல் போனதுபோலவே தெரியும். மாற்றுவது சுலபம். ஆனால் கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், மூடியைத் திறந்து உள்ளே சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் போட்டோ எடுங்கள். இவை இல்லாமல் கழற்றினால் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) மாறிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் மேட்டில் இழுக்காது. கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் எஞ்சினைச் சுற்றவும் கூடாது.

பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே மாட்டியிருக்கும் கார்புரேட்டர் வண்டிகளில் அதன் அடிப் பேக்கிங்கும் கசியும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். டேஷ்போர்டின் ஆயில் விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் இன்னொரு கள்ளன். அதன் வயர் மாட்டும் முனையிலேயே ஆயில் ஊறியிருந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, சுவிட்சையே மாற்ற வேண்டும். வயரைக் கழற்றி, பழையதைத் திருகி எடுத்து, புதியதைக் கையால் சில மரை ஏற்றியபிறகே ஸ்பேனர் வையுங்கள்.

ஆயில் பில்டரில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, கொஞ்ச தூரத்தில் பிதுங்கி, மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, தொட்டதில் இருந்து முக்கால் சுற்று கையாலேயே முறுக்கினால் போதும்.

அடியில் படுக்கும் முன்

சமமான சிமென்ட் தரை, கியர் போட்டு ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. மண் தரையில், முக்கியமாக மழை பெய்த செம்மண்ணில், ஜாக்கி இறங்கிவிடும், அங்கே இந்த வேலையே வேண்டாம். ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். செங்கலோ ஹாலோ பிளாக்கோ முட்டுக்கொடுத்து அதை நம்பிப் படுக்காதீர்கள், அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

டிரைன் போல்ட்டில் கசிந்தால் முதலில் வாஷரைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அது புதுசாக இருக்க வேண்டும். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிக்காமல் சேம்பரைக் கழற்றி லேத்தில் கொடுத்துப் புது மரை போடுவதே சரி. சேம்பர் விளிம்பே கசிகிறது என்றால் ஆயிலை வடித்துவிட்டு இறக்க வேண்டியிருக்கும். தகரச் சேம்பரில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விளிம்பு குழிந்திருக்கும், முன்பு யாரோ இறுக்கித் தள்ளியதன் அடையாளம் அது. கட்டை மேல் வைத்து எதிர்ப்பக்கம் இருந்து மெதுவாகத் தட்டி நேராக்குங்கள். பேக்கிங் இல்லாமல் சிலிகான் மட்டும் வரும் வண்டி என்றால் 3 மில்லிமீட்டர் தடிமனில் இடைவெளி இல்லாத ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மழைநாளில் அது நேராகக் குண்டாற்றுப் பாசன வயலுக்குத்தான் போகும். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப் டிரம்மில் கொடுத்துவிடுங்கள், அதை எடுத்துப்போக ஆட்கள் வருவார்கள்.

விட்டுவிட வேண்டியவை

முன் கிராங்க் சீல், கேம் சீல் இரண்டும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பவை. பெல்ட் பல் தாண்டி மாட்டினால் சில எஞ்சின்களில் வால்வே வளையும். புதியவர்கள் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, பெல்ட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், ஆயில் ஊறிய பெல்ட் எப்படியும் நிற்காது. பின் கிராங்க் சீலுக்கு கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சொட்டு என்றால் கிளட்ச் மாற்றும் காலம் வரைக்கும் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம். பழைய 1489 சிசி அம்பாசடரில் அந்த இடத்தில் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரைதான், கொஞ்சம் சொட்டுவது அதன் பிறவிக்குணம்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பது இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊறவைக்கும், அவ்வளவே. கிழிந்த பேக்கிங்கையும் உடைந்த வாஷரையும் அது ஒன்றும் செய்யாது. கசிவை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவதும் அதே மாதிரிதான். தேய்ந்த எஞ்சினில் 20டபிள்யூ50 என்ற கெட்டி ரகம் ஓரளவு தாங்கும், ஆனால் அதை ரிப்பேர் என்று எண்ண வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின் ஆயில் அளவு பார்த்து, ஐடிலில் விட்டுச் சுற்றிலும் டார்ச் அடித்து, அப்புறம் மலையேறி இறங்கிவந்து புது அட்டையை விரியுங்கள். குறுக்குச் சட்டத்திலும் இடுக்குகளிலும் தேங்கிய பழைய ஆயில் சில நாட்களுக்குச் சொட்டத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதறி போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் அட்டை நனைந்தால் திரும்பக் கழுவி, பவுடர் தூவி, இந்தத் தடவை நனையும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போங்கள். போட்டோவைக் காட்டிப் பேசுகிறவரிடம் எஞ்சினை இறக்கணும் என்று யாரும் சட்டென்று சொல்வதில்லை.